பச்சைக் குறி வரும் வரை

2023 பிப்ரவரி 27, திங்கட்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். முகம் மழித்தேன். மூன்று இட்லி, மிளகாய்ப் பொடி. பொன்னேரியில் ரயில் ஏறினேன்; உட்கார இடம் இல்லை. கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்து, 7.40க்குத் தொழிற்சாலை வருகைக் கருவியில் விரல் வைத்தேன். மேசையை ஈரத் துணியால் துடைத்தேன். சனிக்கிழமை வந்த ஆய்வு அறிக்கைகளை எண் வரிசையில் கோத்தேன். பிற்பகல் மூன்று மணிக்குப் பொது மேலாளர் அறையில் விசாரணை. எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொண்ட பெண்மணி வேலையில் இருப்பதா, போவதா என்பது அங்கே முடிவாகும். பதிவேட்டுடன் நான் வர வேண்டும் என்று சனிக்கிழமையே சொல்லிவிட்டார்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட பேச்சு போதும்.

எங்களுடையது பம்புகளுக்கான இரும்பு உறைகளை வார்த்து, கடைந்து அனுப்பும் தொழிற்சாலை. நான் தரப் பிரிவில் ஆவணங்களுக்குப் பொறுப்பு. அவர் எனக்கு இரண்டு அறை தள்ளி, குளிர்சாதனம் வேலை செய்யாத ஒரு சின்ன அறையில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பழவேற்காடு ஏரியோரம் ஒரு குப்பம் அவர் ஊர். அப்பா ஏரியில் வலை போடுகிறவர். மதியச் சாப்பாட்டில் இறால் கருவாட்டுத் தொக்கு இருக்கும். வாசனை பிடிக்கவில்லை என்று கணக்குப் பிரிவில் ஒருவர் சொன்னதிலிருந்து, அவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துச் சிமென்ட் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. அவர் காத்திருப்பார்; மற்றவர்களையும் காக்க வைப்பார்.

கடைசல் எந்திரம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டேப்லெட் உண்டு. வரைபடம் அதில்தான் வரும். கம்பி இழுத்துப் பார்த்தார்கள். கிரேன் சங்கிலி பட்டு மாதத்துக்கு ஒருமுறை அறுந்தது. அதனால் எல்லாமே வைஃபை. தூண்களில் அந்தச் சின்னப் பெட்டிகளைப் பாலிதீன் உறை போட்டுக் கட்டியவர் அவர்தான். வார்ப்புக் கூடத்தின் கருமணல் தூசி உறைக்குள்ளும் போகும். சனிக்கிழமைதோறும் ஏணியில் ஏறி, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைப்பார்.

அந்தப் பழைய டேப்லெட்டுகளுக்கு வைரஸ் சோதிக்கும் மென்பொருளைத் தாங்கும் சக்தி கிடையாது. அதற்கு அவர் வேறு ஏற்பாடு செய்திருந்தார். வைஃபை வழியாக வரும் எந்தக் கோப்பும் நேராக உள்ளே வராது, வாசலில் நிறுத்தப்படும். முதலில் அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும், இணையத்தில் எங்கோ இருக்கும் சோதனைக் கூடத்துக்குப் போகும். அவர்கள் ஏற்கெனவே பார்த்த கோப்பு என்றால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும். புதிய கோப்பு என்றால் முழுவதும் மேலே போக வேண்டும். அங்கே ஒதுக்குப்புறமான ஒரு கணினியில் அதைத் திறந்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். கெடுதல் இல்லை என்றால் எங்கள் திரையில் பச்சைக் குறி வரும், கோப்பு திறக்கும். எங்கள் வரைபடங்கள் வாரந்தோறும் திருத்தப்படுகிறவை. ஆகவே எல்லாமே புதியவை. நான்கு நிமிடம், ஆறு நிமிடம். மழை நாளில் அரை மணி.

அந்த நேரம் முழுவதும் அவர் கூடவே நிற்பார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி. போனை எடுக்க மாட்டார், டீ குடிக்க மாட்டார். யாராவது முணுமுணுத்தால், "வரட்டும்" என்பார். அவ்வளவுதான்.

கடைசல் பிரிவு மேற்பார்வையாளர், ஆந்திர எல்லைச் சோதனைச்சாவடி இருக்கும் எளாவூர்க்காரர். அவர்தான் அந்தப் பெண்மணிக்குச் செக்போஸ்ட் என்று பெயர் வைத்தவர்.

"இன்னா மேடம், எங்க ஊரு செக்போஸ்ட்டே பரவால்ல போல கீதே. அங்க லாரியாவது நவுருது."

"லாரில இன்னா கீதுன்னு பாக்காம வுட்டா மொதல்ல உங்க ஊருக்குள்ளதாண்ணே பூரும்."

"பூந்தா பூரட்டும் மேடம். அதுக்குள்ள ரெண்டு உறையாவது சேத்துக் கடைஞ்சிக்குவேன்."

அந்தப் பெண்மணி சிரித்தார். பச்சை வந்தது. வந்ததும் டேப்லெட்டை மேற்பார்வையாளர் கையில் கொடுத்து, மணியை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

முதலாளியின் மகன் ஒருமுறை வெளியூர் வாடிக்கையாளர்கள் நான்கு பேரை அழைத்து வந்தார். அவர்கள் கொண்டுவந்த கோப்பை எங்கள் வைஃபையில் போட்டுப் பெரிய திரையில் காட்ட வேண்டும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவரைக் கூப்பிட்டார்கள். நானும் இருந்தேன்.

"இன்னாம்மா இது? கெஸ்ட் ஒக்காந்துனு கீறாங்க."

"மேல போயிருக்குது சார். வரட்டும்."

"நான் சொல்றேன், தொற."

"நீங்க அனுப்புனா கூட இதேதான் சார்."

ஆறு நிமிடம். நால்வரில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் பிஸ்கட்டை எடுத்தார். பச்சை வந்தது.

"ஒண்ணுமே இல்லியே. இதுக்கா இவ்ளோ நேரம்?" என்றார் மகன்.

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிக்கத்தான் சார் இவ்ளோ நேரம்."

அந்தப் பதிலை மகன் மறக்கவில்லை. அந்தப் பெண்மணியின் வேலை அப்படிப்பட்டது. சரியாக நடந்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள எங்கள் தொழிற்சாலையில் ஒரு பத்தியும் கிடையாது. இரண்டு முறை சிவப்புக் குறி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் மேலாளருக்கு எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளின் மேல் மேலாளர் டீ கிளாஸை வைத்தார்.

2022 நவம்பரில் ஒரு நாள் அவருடைய சின்ன அறைக்கு ஒரு கையெழுத்துக்காகப் போனேன். வழக்கம்போலக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். யாருடைய கோப்பு என்று கேட்டேன்.

"எங்க அப்பாது சார். ஆஸ்பத்திரியிலேர்ந்து ஸ்கேன் ரிப்போர்ட் மெயில்ல வந்துக்குது."

"போன்ல திறந்து பார்க்கலாமே."

"போன்ல டேட்டா தீந்துபோச்சு. இதுலதான் பாக்கணும்."

"ஆஸ்பத்திரியிலிருந்து வருவதைக்கூடவா நிறுத்துவீர்கள்?"

"எல்லாருக்கும் நிக்குது. எனுக்கு மட்டும் எப்டி சார் தொறக்கறது? வரட்டும்."

ஐந்து நிமிடம் நானும் நின்றேன். பச்சை வந்தது. படித்தார். திரையை அணைத்துவிட்டு, என் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுத்து மாறவில்லை. டிசம்பர் 13ஆம் தேதி அவர் அப்பா இறந்தார். காரியம் முடிந்து 19ஆம் தேதிதான் வேலைக்கு வந்தார்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது, அவர் வேலை போய் வெகு நாள் கழித்து, மீஞ்சூரில், போன ஆண்டு ஜூனில். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை, கல்லாவில் அவர். ஒரு கல்லூரி மாணவி பென்டிரைவைக் கொடுத்துவிட்டு அவசரப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"யக்கா, சீக்கிரங்கா. காலேஜ்ல மூடிடுவாங்க."

"இதுல இன்னா கீதுன்னு உனுக்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது. செக் ஆவுது. வரட்டும்மா."

"பேஜாரு புடிச்ச கடைக்கா உன்னுது."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நின்றார். தலையில் ஒரு பக்கம் நரைத்திருந்தது. நான் எதிர்ப்புறத்து மருந்துக் கடை வாசலிலேயே நின்றுவிட்டு, அடுத்த ரயிலுக்குப் போய்விட்டேன். சிப்காட்டில் வேறு எந்த நிறுவனமும் அவரை எடுக்கவில்லை என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். எடுக்கிறவர்கள் முதலில் எங்கள் பொது மேலாளருக்குத்தான் போன் செய்வார்கள்.

இனி சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வார்ப்பில் ஒரு உறை அளவில் சற்றே பிசகி வந்தால், அதைத் தூக்கி எறியாமல் பயன்படுத்த விலக்குச் சீட்டு எழுதுவோம். எந்த உறை, என்ன பிசகு, யார் அனுமதித்தார் என்று மூன்று கையெழுத்துடன் இருக்கும். அந்தப் படிவம் நான் வடிவமைத்தது. உறை லாரி ஏறியதும் சீட்டு தானாக முடிந்துவிடும். பதிவேட்டில் 'முடிந்தது' என்று எழுதுவேன். திங்கட்கிழமைதோறும் முடியாத சீட்டுகளின் பட்டியலை எடுத்து, உரியவர்களுக்குக் கொடுப்பேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக எந்தத் தணிக்கையிலும் அதில் குறை சொல்லப்பட்டதில்லை.

டிசம்பர் மழையில் எங்கள் இணைய இணைப்பு அறுந்து, சிம் கார்டில் ஓடிக்கொண்டிருந்தது. கோப்புகள் மேலே போக முக்கால் மணி ஆயிற்று. அனுப்ப வேண்டிய உறைகள் தேங்கின. சில அனுப்புநர்களின் கோப்புகளைச் சோதிக்காமல் உள்ளே விடும்படி மேலாளர் உத்தரவிட்டார். எழுத்தில் இல்லாமல் செய்ய மாட்டேன் என்று அந்தப் பெண்மணி சொல்லிவிட்டார். எதில் எழுதுவது என்ற கேள்வி என்னிடம் வந்தது. விலக்குச் சீட்டு இருக்கிறதே என்றேன். அதில் பெருமையும் பட்டேன்.

அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"சார், இதுல எப்போ முடியுதுன்னு எங்க எழுதறது?"

"அந்தக் கட்டம் கிடையாது. சேர்க்க வேண்டும் என்றால் படிவத் திருத்தக் கூட்டத்தில் வைக்க வேண்டும். இப்போதைக்குக் குறிப்பு என்ற இடத்தில் எழுதுங்கள்."

"அப்புறம் யாரு மூடச் சொல்லுவாங்க?"

"திங்கட்கிழமைப் பட்டியலில் வரும். சீட்டில் திறந்ததைச் சீட்டு சொன்னால்தான் மூட வேண்டும்."

"சரி சார். உங்க லிஸ்ட்ல வர்றத நான் மூடிடறேன். உங்க ரெஜிஸ்டர நான் செக் பண்ண வேணாம்."

ஏழு சீட்டுகள் எழுதினோம். ஆறு சீட்டுகள் பட்டியலில் வந்தன, ஆறையும் மூடினார். ஏழாவது, எங்களுக்கு வார்ப்பு அச்சு செய்து தரும் நிறுவனத்தின் கோப்புகளுக்கானது. டிசம்பர் 12, திங்கட்கிழமை, அன்றைய பட்டியல் போன பிறகு எழுதியது. அதில் மட்டும், ஒழுங்குக்காக, அந்த வரைபடத்தின்படி வார்த்த உறையின் எண்ணையும் நான் சேர்த்து எழுதியிருந்தேன். 14ஆம் தேதி அந்த உறை லாரி ஏறியது. பதிவேட்டில் 'முடிந்தது' என்று எழுதினேன். ஆகவே அது எந்தத் திங்கட்கிழமைப் பட்டியலிலும் வரவில்லை. உறை போய்விட்டது. வாசல் திறந்தே கிடந்தது.

பிப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை, அந்த அச்சு நிறுவனத்தின் மின்னஞ்சலை எவனோ திருடி, அதிலிருந்து வரைபடம் போல ஒன்றை அனுப்பினான். அது வாசலில் நிற்கவில்லை. 11 மணிக்குள் எல்லாத் திரைகளும் பூட்டிக்கொண்டன. எட்டு எந்திரங்களும் நின்றன. அந்தப் பெண்மணி அன்று மாலையே, முன்பு சேமித்து வைத்திருந்த பிரதிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்ற ஆரம்பித்தார். தன்னிடமிருந்த பிரதிகளையும் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏற்றினார். மேலாளர் வாசலில் நின்று கத்தியபோதும், "வரட்டும் சார்" என்றுதான் சொன்னார். சனிக்கிழமை பிற்பகல் கடைசி வரைபடம் திறந்தது. அதன் பிறகுதான் அவருக்கு விசாரணைக் கடிதம் கொடுத்தார்கள்.

இப்போது 27ஆம் தேதிக்கு வருகிறேன். காலை 10.40க்கு, மூன்று மணி விசாரணைக்காக அந்த ஏழாவது சீட்டைக் கோப்பிலிருந்து எடுத்தேன். குறிப்பு என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தில் இருந்தது: 'மூன்று நாள் மட்டும். பிறகு மூடச் சொல்லவும்.' அதைப் பதிவேட்டில் ஏற்ற இடமில்லை. குறிப்புகளை நான் ஏற்றுவதில்லை. பழைய பட்டியல்களைப் பார்த்தேன். எதிலும் அந்த எண் இல்லை. 10.40க்கே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மூன்று மணி வரை நேரமும் இருந்தது. சீட்டைக் கோப்பில் வைத்து அலமாரியைப் பூட்டினேன். மதியம் தயிர்ச் சாதம் சாப்பிட்டேன்.

மேலாளர் அறையில் முதலாளியின் மகனும் இருந்தார். அந்தப் பெண்மணியை உட்காரச் சொல்லவில்லை.

"அந்தச் சீட்டு பத்தி ரெஜிஸ்டர்ல இன்னா இருக்குது, படிங்க சார்" என்றார் மேலாளர்.

படித்தேன். "டிசம்பர் 12இல் திறப்பு. டிசம்பர் 14இல் முடிந்தது."

"பதினாலாந் தேதியே முடிஞ்சிதுன்னு இருக்குது. அப்போ ஏம்மா சிஸ்டத்துல தொறந்தே வச்சினு இருந்த?"

பதிவேட்டைப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அந்த வரியின் கீழ் விரலை வைத்து இரண்டு முறை படித்தார்.

"பதினாலுன்னா, அப்பா காரியத்துக்கு ஊர்ல இருந்தேன்." விரலை எடுத்தார். "சார் ரெஜிஸ்டர் தப்பா இருக்காது. நான்தான் வுட்டுட்டேன் போல கீது."

"ஊருக்கெல்லாம் செக்கு வைக்கறவ" என்றார் மகன்.

மேலாளர் என்னைப் பார்த்தார். "பதிவு கரெக்ட்தான சார்?"

"சரியான பதிவுதான்" என்றேன். சரியானதுதான். உறை 14ஆம் தேதிதான் போயிற்று.

3.25க்கு முடிந்தது.

ஐந்து மணிக்கு மேல், சாவிகளையும் பெயிண்ட் பிரஷ்ஷையும் ஒப்படைத்த சீட்டில் கையெழுத்து வாங்க என் மேசைக்கு வந்தார். கையெழுத்துப் போட்டேன். போகாமல் நின்றார்.

"சார், ஒரு ஒதவி. அந்த வாரத்து லிஸ்ட் காப்பி இருந்தா ஒண்ணு குடுக்கறீங்களா? எந்த எடத்துல பாக்காம வுட்டேன்னு தெரிஞ்சிக்கணும். அது தெரியாம தூக்கம் வராது எனுக்கு."

பட்டியல்கள் எனக்குப் பின்னால் மூன்றாம் தட்டில் தேதி வரிசையில் இருந்தன. எழுந்து கையை நீட்டினால் போதும்.

"பழைய பட்டியல்களை வைத்துக்கொள்வதில்லை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் அலமாரியையும் பார்த்தார். மூன்று ஆண்டுகளாக அதே அலமாரியிலிருந்து, போன நூற்றாண்டின் ரசீதைக்கூட அவர் கேட்டு நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் ஆய்வு அறிக்கை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"சரி சார்" என்றார். "உடம்ப பாத்துக்கோங்க."

அன்றைய நாட்குறிப்பில் என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவே: 'விசாரணை 3.00 – 3.25. கேட்டவற்றுக்குப் பதில் சொன்னேன். 5.20: பழைய பட்டியல் கேட்டார். இல்லை என்றேன்.' அதற்குக் கீழே ரயில் பதினைந்து நிமிடம் தாமதம் என்று இருக்கிறது.

மறுநாள், 28ஆம் தேதி, 7.40க்கு விரல் வைத்தேன். மேலாளர் எனக்கு முன்பே வந்திருந்தார். ஐந்து நாள் வேலை தேங்கிக் கிடப்பதால், புதிய ஆள் வரும் வரை எந்தக் கோப்பையும் சோதிக்க வேண்டாம்; அதற்கு எழுத்தில் ஒன்று வேண்டும் என்றார். முதல் வேலையாக ஒரு விலக்குச் சீட்டு எழுதினேன். அனுப்புநர்: அனைவரும். கோப்பு: அனைத்தும். காரணம்: வேலை தேக்கம். மூன்று கையெழுத்தும் வாங்கிப் பதிவேட்டில் ஏற்றினேன். 8.05க்குக் கடைசல் பிரிவில் முதல் வரைபடம் தொட்டதும் திறந்தது.